குல்லு சால்வை வாங்கப் போறீங்களா, மொதல்ல அதைத் திருப்பிப் பாருங்க

எங்க வீட்டுல மூணு குல்லு சால்வை இருக்கு. அதுல ஒண்ணு குல்லு சால்வையே கிடையாது, இன்னொண்ணு இப்போ சால்வையே கிடையாது, மூணாவதுதான் உருப்படி. முதல் ரெண்டுக்கும் நான் கட்டின ட்யூஷன் ஃபீஸ் வீணாப் போக வேண்டாமேன்னுதான் இதை எழுதுறேன். மணாலி போறோம், என்ன சால்வை வாங்குறது, எப்படிப் பாத்து வாங்குறதுன்னு கேக்குற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை வறண்டு போச்சு, இனிமே இதையே தூக்கி அனுப்பிடலாம்.

நீளம்தான், பொறுத்துக்கோங்க. டாக்ஸி வெளிய ஹாரன் அடிச்சிட்டு இருக்குன்னா ஸ்டெப் 4-ஐ மட்டும் படிச்சிட்டு கடைக்குள்ள போங்க.

ஸ்டெப் 1: எதைத் தேடுறோம்னு தெரிஞ்சுக்கணும்

குல்லு, இமாச்சலப் பிரதேசத்துல பியாஸ் ஆத்தங்கரை ஊரு, மணாலிக்குக் கீழ ஒரு 40 கிலோமீட்டர். அந்தப் பள்ளத்தாக்குல தறியில கையால நெய்யுற கம்பளிச் சால்வை இது. உடம்பு பூரா ஒரே கலர். வெள்ளை, சாம்பல், பிரவுன், கறுப்புன்னு ஆட்டு மேலயே இருக்குற கலர்தான் பழைய வழக்கம், இப்போ மெரூன், பச்சை, நேவி ப்ளூ எல்லாம் வருது. ரெண்டு முனையிலயும் அகலவாக்குல பட்டை பட்டையா டிசைன் ஓடும், சிவப்பு, மஞ்சள், ராணி பிங்க், பச்சை, ஆரஞ்சுன்னு கண்ணைப் பறிக்கும். கடைக்காரங்க இதை ‘பட்டி’ன்னு சொல்றாங்க, ஒரு பட்டி, மூணு பட்டி, அஞ்சு பட்டின்னு எண்ணிக்கை ஏற ஏற வேலையும் ஏறும் விலையும் ஏறும்.

டிசைனை உத்துப் பாருங்க, டைமண்டு, படிக்கட்டு, நெளிகோடு, சுவஸ்திகா, கோபுரம் மாதிரி மேல போகப் போக ஒடுங்குறது, எல்லாமே கோணம் கோணமா இருக்கும். தறியில இழையை எண்ணி எண்ணி கலர் நூல் கோக்குறாங்க, அப்படிக் கோத்தா வளைவு வராது, படி படியாத்தான் ஏறும். பூவே போட்டாலும் அது நாம சின்ன வயசுல கட்டம் போட்ட நோட்டுல கலர் அடிச்ச பூ மாதிரிதான் வரும். அதனால மாங்காய், கொடி, இலைன்னு நல்லா வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா அது ஊசியில போட்ட எம்பிராய்டரியா இருக்கலாம், மெஷின் தறி தானா டிசைன் போடுற ஜக்கார்டா இருக்கலாம், குல்லு பட்டி இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன், கடையில உங்களுக்கு ‘ஆயிரம் வருஷப் பாரம்பரியம் சார் இந்த டிசைன்’னு அளந்து விடுவாங்க. நெசவு பழசு, அது வாஸ்தவம். வீட்டு ஆட்டு ரோமத்தை வீட்டுலயே நூத்து, தாங்க போத்திக்கத் தாங்களே நெய்துகிட்டது. ஆனா அந்தப் பழைய குல்லு சால்வை எல்லாம் பிளெயின். இந்தக் கலர் பார்டர் குல்லுவுக்கு வந்து எண்பது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், அவ்ளோதான். சட்லஜ் ஆத்துப் பக்கம் இருந்த புஷஹர் சமஸ்தானத்துல இருந்து 1940-கள் வாக்குல கின்னௌர் நெசவாளர்கள் குல்லுவுக்கு வந்தாங்க, அவங்க கையோட வந்ததுதான் இந்த டிசைன் போடுற வேலை. அது பிளெயின் சால்வையோட முனையில ஏறி உக்காந்துச்சு. அதே சமயத்துல, 1944-ல, 12 நெசவாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க, பூட்டி வீவர்ஸ் சொசைட்டி, இப்போ பூட்டிகோன்னு போர்டு பாப்பீங்களே அதுதான். 1956-ல வேத் ராம் தாக்கூர்னு ஒருத்தர் சேர்ந்த பிறகுதான் அது நிமிந்து நின்னுச்சு.

கின்னௌரி சால்வைன்னு தனியாவே ஒண்ணு இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. குல்லுல இடம் விட்டு பட்டி வரும், கின்னௌரில இடமே விடாம நெருக்கி அடைச்சிருப்பாங்க, சோர்ட்டன் கோபுரம், முடிவில்லா முடிச்சுன்னு பௌத்த சின்னங்கள், வெள்ளை தண்ணி, மஞ்சள் மண்ணு, சிவப்பு நெருப்பு, பச்சை காத்து, நீலம் ஆகாயம்னு அஞ்சு கலருக்கும் பஞ்சபூதக் கணக்கு. ஒண்ணு நெய்ய மாசக்கணக்குல ஆகும், விலையும் அப்படியே. குல்லு சால்வைக்கு 2005-06-லயும் கின்னௌரிக்கு 2010-11-லயும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, ரெண்டும் தனித்தனிப் பதிவு. கானி நெசவு, சோஸ்னி எம்பிராய்டரி இதெல்லாம் காஷ்மீர் சமாச்சாரம், அதுக்குள்ள இப்போ போகல.

ஸ்டெப் 2: எந்த ரோமம்

கம்பளின்னா ஒரே கம்பளி இல்ல. எங்க போட்டுக்கப் போறீங்கன்னு முதல்ல யோசிங்க.

நாட்டுக் கம்பளி, அங்க ‘தேசி ஊன்’ம்பாங்க. ‘கத்தி’ன்னு (Gaddi) அங்க சொல்ற மலை இடையர்கள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு கோடையில லாஹௌல் பக்கம் மலை உச்சி மேய்ச்சலுக்கு ஏறி, குளிர்காலத்துல அடிவாரத்துக்கு இறங்கி வருவாங்க, அந்த ஆட்டு ரோமம். சொரசொரன்னு இருக்கும், கழுத்துல பட்டா குத்தும், கனமா இருக்கும், ஆனா ஆயுசு கெட்டி. உள்ளூர் பெண்கள் உடம்பு பூரா சுத்தி தோள்ல சங்கிலி கோத்த வெள்ளி ஊசி குத்திப் போடுற ‘பட்டு’ங்கிற பெரிய துணியும், ஆம்பளைங்க போத்துற ‘லோயி’யும் இதுலதான் வழக்கமா வரும். (அவங்க ‘பட்டு’ன்னு சொன்னதைக் கேட்டு சில்க் போலிருக்குன்னு ஒரு நாள் பூரா நம்பிட்டுத் திரிஞ்சேன்.) கோயம்புத்தூர், மதுரைக்கு இது தேவையே இல்ல. ஊட்டி, கொடைக்கானல்ல வீடு இருக்கவங்க தாராளமா வாங்கலாம்.

மெரினோ. இன்னைக்கு குல்லுல பாக்குற நல்ல சால்வைல பெரும்பகுதி இதுதான். மெல்லிசு, மிருது, குத்தாது, நமக்கு செட் ஆகுறது இதுதான். ராத்திரி ஏசி பஸ்ஸு, ஃப்ளைட்டு, மார்கழி விடியக்காலைக் கோயில் எல்லாத்துக்கும் போதும். முதல் சால்வை வாங்குறவங்க கண்ணை மூடிட்டு மெரினோ கேளுங்க.

அங்கோரா, முயல் ரோமம். குல்லு பக்கத்துல கர்சாவுல மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தோட கிளை ஒண்ணு இருக்கு, அங்க இந்த முயலை வளர்க்குறாங்க. ரொம்ப மெல்லிசு, தொட்டா பஞ்சு, நல்ல சூடு. ஆனா வழுக்கிக்கிட்டே போற இழைங்கிறதால தனியா நூக்குறது கஷ்டம், பெரும்பாலும் மெரினோவோட கலந்துதான் வரும், கொட்டவும் செய்யும், கறுப்புச் சட்டை மேல போட்டா பூனையைத் தூக்கிக் கொஞ்சிட்டு வந்த மாதிரி இருக்கும். ‘நூறு பர்சன்ட் அங்கோரா, 600 ரூபா’ன்னு எவனாவது சொன்னா சிரிச்சிட்டு நடந்துடுங்க.

பஷ்மினா, மலை ஆட்டோட உள்ரோமம், இழையோட தடிமன் 12-ல இருந்து 16 மைக்ரான்தான் இருக்கும், குல்லு பட்டியோட இதுவும் நெய்வாங்க. விலை பல ஆயிரம். யாக் ஊல்னு ரோட்டோரத்துல அடுக்கி வெச்சிருக்கறதுல நிறைய அக்ரிலிக், யாக்கு அதைக் கண்ணால பாத்திருக்காது. ஷாதூஷ்னு எவனாவது காதோரமா வந்து கிசுகிசுத்தா கிட்டயே போகாதீங்க, சீரு மானைக் கொன்னு எடுக்குற ரோமம் அது, வாங்கினாலும் கேஸு, வித்தாலும் கேஸு.

ஸ்டெப் 3: சைஸு

லேடீஸ் சால்வை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஸ்டோல் அதே நீளம், அகலம் கம்மி. ஆம்பளை லோயி 3 மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர் வரும், அதைப் போத்திக்கிட்டா ஊர்ப் பண்ணையார் மாதிரி ஆயிடுவீங்க. பிரிச்சு அளந்து வாங்குங்க, மடிச்சு வெச்சிருக்கும்போது ஸ்டோலும் சால்வையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்டெப் 4: திருப்பிப் பாக்குறது

இதுதான் மெயினு.

என்னோட முதல் ‘குல்லு சால்வை’ பனி பாக்கப் போற இடத்துல தோள்ல அடுக்கிக்கிட்டு வந்த ஒரு ஆள்கிட்ட 400 ரூபாய்க்கு வாங்கினது. 900 சொன்னாரு, நான் பேசிப் பேசி 400-க்கு இறக்கினேன், அன்னைக்கு ராத்திரி ஹோட்டல் ரூம்ல என் பேரம் பேசுற சாமர்த்தியத்தை வீட்டுக்காரம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். மறுநாள் நக்கர் பக்கத்துல ஒரு கிராமத்துல தங்கினோம், அந்த வீட்டு மர பால்கனியில ஒரு தறி. வீட்டம்மாவுக்கு ஒரு அம்பது வயசு இருக்கும், நாங்க ‘தீதி, தீதி’ன்னுதான் கூப்பிட்டோம். நான் பெருமையா என் சால்வையைக் காட்டினேன். அவங்க அதோட டிசைனைப் பாக்கவே இல்ல. வாங்கின கையோட பட்டியைப் பின்பக்கம் திருப்பினாங்க, நகத்தால ஒரு நூலை நெம்பினாங்க, என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு ‘சாய் சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டாங்க. அவ்ளோதான்.

அப்புறம் நானே விடாம கேக்கப் போய் தறியில உக்காந்து காட்டினாங்க. கால்ல நாலு மிதிக்கட்டை. சால்வையோட உடம்பு நெய்யும்போது சரசரன்னு போகுது, மிதிக்கிறது, நாடா (குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டை) ஓடுறது, பலகையை இழுத்து அடிக்கிறது, பாத்துட்டு இருக்கும்போதே ஒரு விரக்கடை ஏறிடுச்சு. பட்டி வந்ததும் நாடாவுக்கு அங்க வேலை குறைஞ்சு போச்சு. பாவு, அதாவது நீளவாக்குல கட்டின நூல், அது மேல வரிசையா கலர் கலரா குட்டி குட்டி நூல் குச்சம் தொங்குது, ஒரு பூவுக்கு எத்தனை கலரோ அத்தனை. ஒரு தடவை மிதிச்சதும், இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு குச்சத்தையும் விரலால எடுத்து, இத்தனை இழைன்னு எண்ணி, உள்ள நுழைச்சு, அதோட இடத்துலயே விட்டுட்டு அடுத்ததுக்குப் போறாங்க. சால்வையோட அகலம் பூரா இப்படிப் போய் முடிச்ச பிறகு பலகையை இழுத்து ஒரு அடி. ஒரு வரிசை முடிஞ்சுது. அந்த வரிசை கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பேப்பர்ல டிசைன் எதுவும் ஒட்டி வைக்கல, எல்லாம் மனப்பாடம், நடுவுல என்கிட்ட பேசுறாங்க, உள்ள இருக்குற மருமகளைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொல்றாங்க, விரல் மட்டும் எண்ணிக்கிட்டே இருக்கு.

காஞ்சிபுரம் கோர்வை பார்டர் போடுறதைப் பாத்தவங்களுக்கு இது எவ்ளோ வேலைன்னு உடனே புரியும், அங்கயாவது பார்டருக்குன்னு தனி நாடா இருக்கு, இங்க டிசைனுக்கு நாடாவே இல்ல, விரல்தான்.

இப்ப பின்பக்கத்துக்கு வாங்க. கையால கோக்கும்போது ஒவ்வொரு கலர் நூலும் அந்தப் பூவோட எல்லை வரைக்கும் போய், அங்கயே திரும்பி வந்துடும். அதனால பின்பக்கமும் டிசைன் கிட்டத்தட்ட முன்பக்கம் மாதிரியே தெளிவாத் தெரியும், அங்கங்க நூல் ஒரு பூவுல இருந்து பக்கத்து வரிசைக்குத் தாவின சின்னத் தாவல், ஆரம்பிச்ச இடம் முடிச்ச இடத்துல சின்ன நுனி, இவ்ளோதான் இருக்கும். மெஷின் ஜக்கார்டுல நூல் அந்த ஓரத்துல இருந்து இந்த ஓரம் வரைக்கும் ஓடித்தான் ஆகணும், டிசைனுக்கு வேண்டாத இடத்துல எல்லாம் பின்பக்கம் நீள நீளமாத் தொங்கும், விரலை விட்டா மாட்டும். சில இடத்துல அதைக் கத்தரிச்சு விட்டிருப்பாங்க, அப்போ வரிசையா ஒரே அளவுல பிசிறு நிக்கும், ஷேவ் பண்ணி ரெண்டு நாள் ஆன தாடி மாதிரி. என் 400 ரூபா சால்வை அந்தத் தாடி வகை.

இன்னும் நாலு செக் இருக்கு.

வெளிச்சத்துக்கு நேரா பட்டியைப் பிடிங்க. சில டிசைன்ல ரெண்டு கலர் நேர்கோட்டுல சந்திக்கிற இடத்துல ஊசி முனையளவு கீறல் மாதிரி இடைவெளி தெரியும், அந்தக் கலரும் இந்தக் கலரும் அங்கங்க திரும்பிடுறதால வர்றது. கிழிசல்னு நினைச்சு வேண்டாம்னு சொல்லிடாதீங்க, அது கைவேலையோட கையெழுத்து. ரெண்டு கலரும் ஒரே பாவு இழையைப் பகிர்ந்துக்கிட்டா கீறல் வராது, சந்திக்கிற இடம் பல்லு பல்லா தெரியும், அதுவும் சரிதான்.

ரெண்டு முனையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கைத்தறின்னா ஒரு பக்கப் பட்டி கொஞ்சம் உசரமா, இன்னொண்ணு ஒரு நூல் குட்டையா இருக்கும். அச்சுல வார்த்த மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க.

பட்டி உடம்போட சேர்ந்து நெய்ததா, இல்ல தனியா நெய்து தெச்சதான்னு ஓரத்தைத் தடவிப் பாருங்க. குல்லு தொப்பிக்கு முன்னாடி வைக்கிற பட்டையைத் தனியா நெய்துதான் தெப்பாங்க, தொப்பிக்கு அது முறை. சால்வையில தையல் ஓடினா முறை இல்ல.

சால்வை உடம்பை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, மெரினோவுல பெரும்பாலும் சாய்வா, ஜீன்ஸ் துணியில இருக்கே அந்த மாதிரி, கோடு ஓடும். நாலு மிதிக்கட்டை இருக்கறதே அந்த நெசவுக்காகத்தான்.

மோதிரத்துக்குள்ள விட்டு இழுத்துக் காட்டுறாங்களே, அது சும்மா வித்தை. மெல்லிசான எந்தத் துணியும் மோதிரத்துல போகும், விஸ்கோஸ்கூட போகும்.

ஸ்டெப் 5: நூலை எரிச்சுப் பாக்குறது, அதுல நம்மாளுங்க பண்ற தப்பு

குஞ்சத்துல இருந்து ஒரு நூல் உருவி (கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, ப்ளீஸ்) தீக்குச்சியில காட்டுங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், நெருப்பை எடுத்தா தானே அணையும், சாம்பல் விரல்ல நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக் உருகி ஒழுகும், கெட்டியா கறுப்பா ஒரு மணி மாதிரி உறைஞ்சு நிக்கும், பிளாஸ்டிக் வாடை.

இது எல்லாருக்கும் தெரியும். தப்பு எங்க நடக்குதுன்னா, நம்மாளு நேரா பட்டியில இருக்குற ராணி பிங்க் நூலை உருவி எரிப்பாரு, அது உருகும், உடனே ‘டூப்ளிகேட்டு!’ன்னு கத்திட்டு வெளிய வந்துடுவாரு. அசல் குல்லு சால்வையிலயே பட்டிக்கு அக்ரிலிக் நூல் போடுறது ரொம்ப காலமா இருக்குற வழக்கம். அந்தப் பளீர் கலரெல்லாம் அதுல ஈஸியா கிடைக்குது, சாயம் போகாது, பத்து கலர்ல கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கலாம், விலையும் கம்மி. கம்பளிச் சாயம் இறங்கி வெள்ளை சால்வை நாசமாப் போறதுக்கு இது தேவலைன்னு நெய்யுறவங்களே சொல்றாங்க. எனக்கும் பட்டி கம்பளியா இருந்தாத்தான் பிடிக்கும், அப்படிக் கேட்டு வாங்கவும் முடியும், விலை கூட. ஆனா பட்டி அக்ரிலிக்னு சொல்லி அசலைப் போலின்னு ஒதுக்காதீங்க. உடம்பு நூலையும் பட்டி நூலையும் தனித்தனியா எரிச்சுப் பாருங்க. உடம்பே உருகுச்சுன்னா மட்டும் கிளம்பி வந்துடுங்க.

ஸ்டெப் 6: எங்க வாங்குறது, எவ்ளோ குடுக்குறது

பனிப்பாறை ஸ்பாட்டு, ராஃப்டிங் கரை, டாக்ஸி டிரைவர் ‘சார் ஃபேக்டரி காட்டுறேன்’னு தானா கூட்டிட்டுப் போற இடம், மூணும் வேண்டாம். அந்த ‘ஃபேக்டரி’ல முன்வாசல்ல காட்சிக்கு ஒரு தறி இருக்கும், ஒரு கூண்டுல ரெண்டு முயல் இருக்கும், உள்ள ஹால் பூரா பஞ்சாப் பக்கத்து விசைத்தறி சரக்கு இருக்கும், சால்வை வாங்கினா கம்பளி ஃப்ரீ, கம்பளி வாங்கினா சேலை ஃப்ரீன்னு ஒரு பேக்கேஜ் ஓடும். சேலை வாங்கவா குல்லு போனோம்.

கூட்டுறவு சங்கக் கடைகள், அரசு எம்போரியம், இல்ல நேரா நெய்யுற வீடு. பூந்தர் ஏர்போர்ட்ல இருந்து குல்லு போற ரோட்டுல ஷம்ஷில பூட்டி காலனி வரும், அந்தப் பக்கம் பூரா சால்வைக் கடைதான். சங்கக் கடையில பேரம் கிடையாது, விலை ஒட்டியிருக்கும், நம்மாளுக்கு அது கொஞ்சம் அரிக்கும், பழகிக்கோங்க. தசரா சமயத்துல போனா இன்னும் நல்லது. மத்த ஊர்ல விஜயதசமியோட தசரா முடியும், குல்லுல அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும், ஒரு வாரம் தால்பூர் மைதானத்துல ரகுநாத்ஜி தேரும், பள்ளத்தாக்குல இருக்குற கிராம தேவதைங்க எல்லாம் பல்லக்குல வந்து கூடுறதும், பக்கத்துலயே கடை கடையா சால்வையும். கின்னௌரி வேணும்னா நவம்பர்ல ராம்பூர் லாவி சந்தை, முன்னாடி திபெத்தோட கம்பளி வியாபாரம் நடந்த பழைய சந்தை அது.

லேபிள்ல கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க, ஹேண்ட்லூம் மார்க்னு 2006-ல மத்திய அரசு கொண்டு வந்தது. புவிசார் குறியீட்டுப் பேரும் இருக்கான்னு பாருங்க. விசைத்தறியில நெய்துட்டு குல்லு சால்வைன்னு பேரு போட்டு விக்கிறது சட்டப்படி குத்தம், 1999 புவிசார் குறியீட்டுச் சட்டத்துல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதுக்கு முன்னாடியே, 1985-ல, கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கின ரகங்களுக்கு ஒரு சட்டம் வந்துச்சு, நம்ம ஜமக்காளம் இருக்குற அதே பட்டியல்லதான் சால்வையும் லோயியும் மஃப்ளரும் இருக்கு. அப்படியும் விக்கிறாங்க, அது வேற கதை. லேபிளை மட்டும் நம்பாதீங்க, லேபிளையும் மெஷின்ல அடிக்கலாம், ஸ்டெப் 4-ஐத்தான் நம்பணும்.

விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால என் கணக்கை மட்டும் சொல்றேன். என் மூணாவது சால்வை, சாம்பல் கலர் மெரினோ, மூணு பட்டி, சங்கக் கடையில 2,800 ரூபா. பட்டிக்கு மட்டும் ஒருத்தர் நாள் கணக்குல உக்காந்திருக்காருன்னு கண்ணால பாத்த பிறகு 400 ரூபாயில அது எப்படி முடியும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஸ்டெப் 7: துவைக்கிறது

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ரெண்டாவது சால்வை அசல், கிரீம் கலர், எங்க அம்மாவுக்கு வாங்கினது. வந்த ரெண்டாவது மாசம் சாம்பார் பட்டுச்சு. நான் வாஷிங் மெஷின்ல பெட்ஷீட்டோட போட்டு சுடுதண்ணி மோடுல விட்டேன். வெளிய வந்தது சால்வை இல்ல, கெட்டியா, தடியா, கை அகலம் கம்மியா ஒரு பலகை. பட்டி மட்டும் சுருங்காம அப்படியே இருந்து, உடம்பு சுருங்கி, ரெண்டு முனையும் கவுன் ஃப்ரில் மாதிரி நெளிஞ்சு நின்னுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, அதை மடிச்சுக் கையில குடுத்துட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க, திட்டியிருந்தாக்கூட தேவலை.

நடந்தது என்னன்னா, கம்பளி இழை மேல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா செதில் இருக்கு. சுடுதண்ணி, சோப்பு, உருட்டல் மூணும் சேர்ந்தா செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிப் பூட்டிக்கும், அப்புறம் எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது. அக்ரிலிக்குக்குச் செதில் இல்ல, அதான் பட்டி மட்டும் தப்பிச்சுது.

முதல் ஒண்ணு ரெண்டு தடவை டிரை க்ளீனிங் குடுத்துடுங்க. அப்புறம் வீட்டுலயே பண்ணலாம். வெள்ளைத் துணியை நனைச்சு பட்டி மேல அழுத்திப் பாருங்க, கலர் ஒட்டுச்சுன்னா தண்ணியிலயே போட வேண்டாம், டிரை க்ளீனிங்தான். ஒட்டலைன்னா ஒரு டப்புல பச்சைத் தண்ணி, அதுல பூந்திக்கொட்டை ஊற வெச்சுக் கரைச்ச தண்ணி. நம்ம பாட்டிங்க பட்டுப் புடவைக்குப் போட்டதேதான், அங்க இதை ரீட்டாம்பாங்க, கம்பளிக்கு அவங்களும் இதைத்தான் போடுறாங்க. கிடைக்கலைன்னா பேபி ஷாம்பூ ஒரு ஸ்பூன். சால்வையை அமுக்கி அமுக்கி விடுங்க, கசக்கவோ பிரஷ் போடவோ வேண்டாம். அஞ்சு நிமிஷம் போதும். அலசுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும், ஒண்ணு வெதுவெதுப்பு ஒண்ணு ஜில்லுன்னு மாத்தாதீங்க. எடுக்கும்போது ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்கினா நனைஞ்ச கனத்துல நீண்டு போயிடும், ரெண்டு கையிலயும் குழந்தையை ஏந்துற மாதிரி ஏந்தி எடுங்க. பிழியாம பெரிய டவல்ல விரிச்சுப் பாய் மாதிரி சுருட்டி அமுக்குங்க. நிழல்ல, கட்டில் மேல, தட்டையா விரிச்சு காய வைங்க, கொடியில தொங்க விடவே கூடாது. அயர்ன் பண்ணணும்னா மேல ஈரத்துணி போட்டு, உல் செட்டிங்ல, பட்டியைத் தொடாம. அக்ரிலிக் பட்டியில சூடான பெட்டி பட்டா பளபளன்னு அமுங்கிப் போயிடும்.

சின்னக் கறைக்கு முழுசா நனைக்காதீங்க. சும்மா போட்டுக் கழட்டினதுக்கெல்லாம் துவைக்கவே வேண்டாம், ஒரு மணி நேரம் நிழல்ல காத்தாட போட்டா வாடை போயிடும்.

ஸ்டெப் 8: நம்ம ஊர்ல பத்திரமா வைக்கிறது

குல்லுல பிரச்சனை இல்ல, போட்டுக்கிட்டே இருப்பாங்க. நம்மகிட்ட வருஷத்துல பதினோரு மாசம் பீரோவுல தூங்கும், அந்தத் தூக்கத்துலதான் பூச்சி வரும். கம்பளி அரிக்கிறது அந்துப்பூச்சியோட புழு, பறக்குற பூச்சி இல்ல. அதுக்கு இருட்டு, ஆடாத அசையாத இடம், வியர்வை, சாப்பாட்டுக் கறை இதெல்லாம் விருந்து. அதனால அழுக்கோட உள்ள வைக்காதீங்க, இது ஒண்ணுலயே பாதி வேலை முடிஞ்சுது. நல்லா காய வெச்சு, பழைய வெள்ளை வேட்டித் துணியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர்ல வெச்சா சென்னை மாதிரி ஊர்ல உள்ளயே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வசம்புத் துண்டு, காஞ்ச வேப்பிலை சின்னத் துணியில முடிஞ்சு பக்கத்துல போடலாம், ஆனா அது மட்டும் காப்பாத்தும்னு நம்பி விட்டுடாதீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, மடிப்பை மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா அந்த இடம் நைஞ்சு போகும். ஹேங்கர் வேண்டாம்.

ஏற்கனவே பொத்தல் விழுந்துடுச்சு, உள்ள புழு இருக்குமோன்னு பயமா? ஜிப் கவர்ல காத்தை அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீஸர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவரைத் திறக்காம ரூம் சூட்டுக்கு வர விடுங்க, இல்லன்னா ஈரம் கோத்துக்கும். எங்க வீட்டுல மீன் மசாலா பக்கத்துல ஒரு சால்வை ரெண்டு வாரம் இருந்துச்சு, கவர் நல்ல கவரா இருக்கணும்னு அப்போதான் புரிஞ்சுது.

இழை வெளிய இழுத்துக்கிச்சுன்னா கத்தரிக்காதீங்க, மழுங்கின ஊசியால பின்பக்கம் இழுத்து விட்டுடுங்க. மேல குட்டி குட்டி உருண்டை கட்டுறது தரம் கம்மிங்கிறதுக்கு அடையாளம் இல்ல, மிருதுவான கம்பளி உரசுற இடத்துல அப்படித்தான் வரும், கையால பிச்சு எடுக்காம உருண்டை எடுக்குற மெஷினால மெதுவா ஓட்டுங்க.

பாழாப் போன அந்தக் கிரீம் சால்வையைத் தூக்கிப் போட மனசு வரல. செதில் பூட்டிக்கிட்ட கம்பளியை வெட்டினா பிரியாது, ஓரம் அடிக்கத் தேவையில்ல, சூட்டையும் நல்லாத் தாங்கும். அம்மா அதைச் சதுரம் சதுரமா வெட்டி அடுப்புல இருந்து இட்லிப் பானை இறக்க வெச்சிருக்காங்க. வெட்டும்போது பட்டியை மட்டும் தனியா எடுத்துட்டாங்க, சூடான பாத்திரத்துல பட்டா உருகி ஒட்டிக்கும்ல. அந்த ரெண்டு பட்டியும் இப்போ சாமி ரூம் கதவுக்கு மேல தோரணமா தொங்குது, வர்றவங்க எல்லாம் இது எங்க வாங்கினதுன்னு கேக்குறாங்க.